வெள்ளைத் தேயிலையா, கறுப்புத் தேயிலையா? முதலில் பாலை முடிவு செய்யுங்கள்

வெள்ளைத் தேயிலை, நாம் வழக்கமாக டீ போடும் கறுப்புத் தேயிலை, இந்த இரண்டில் எதை வாங்கலாம் என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "பால் ஊற்றுவீர்களா?" என்பதுதான். கேட்டவர்கள் கொஞ்சம் ஏமாந்துபோவார்கள். உடம்புக்கு எது நல்லது, எதில் கஃபீன் குறைவு, எது உசத்தி என்று ஏதாவது பெரிதாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் பாதிப் பேருக்கு இந்த ஒரு கேள்வியிலேயே விடை கிடைத்துவிடும்.

தேயிலை ருசி பார்ப்பதுதான் பல வருடம் என் வேலை. நீளமான மேசை, வரிசையாக வெள்ளைக் கோப்பைகள், கையில் ஒரு கரண்டி, பக்கத்தில் துப்புவதற்கு ஒரு பாத்திரம். சர்ரென்று சத்தமாக உறிஞ்சி, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போக வேண்டும். அந்த மேசையில் பெயருக்கும் டப்பாவின் அழகுக்கும் மதிப்பில்லை. கீழே சொல்வதெல்லாம் அங்கே பழகிய கண்ணோட்டத்தில் சொல்வதுதான்.

சரி, பால். பாலில் கேசீன் என்ற புரதம் இருக்கிறது. தேநீரின் துவர்ப்புக்குக் காரணமான பொருள்களை அது பற்றிக்கொள்ளும். அதனால்தான் பால் விட்டதும் டீ வழவழப்பாகிறது. அப்படிப் பற்றிக்கொண்ட பிறகும் டீயாகத் தெரிய வேண்டும் என்றால், சாற்றில் முதலிலேயே நல்ல திடம் இருக்க வேண்டும். கறுப்புத் தேயிலையில் அது இருக்கிறது. வெள்ளைத் தேயிலையில் இல்லை. அதில் பால் ஊற்றினால் கிடைப்பது லேசான வைக்கோல் வாசனையுள்ள வெந்நீர்ப் பால். காசு கொடுத்து அதை யாரும் குடிக்க வேண்டியதில்லை. சர்க்கரை தாராளமாகப் போடுபவர்கள், இஞ்சி ஏலக்காய் தட்டிப் போடுபவர்கள், எலுமிச்சை பிழிபவர்கள் எல்லோருக்கும் இதே பதில்தான். கோப்பையில் வேறு எதையாவது சேர்ப்பதாக இருந்தால் கறுப்பு. என் வீட்டுக்காரர் பால் இல்லாத டீயை மருந்து என்பார். அவருக்கு நான் வெள்ளைத் தேயிலையை எடுத்துக்கூடக் காட்டுவதில்லை. எங்கள் இருவருக்கும் நிம்மதி.

இனி வருவது, வெறும் இலையும் வெந்நீரும் போதும் என்பவர்களுக்கு. பால் கட்சிக்காரர்கள் வாங்கும் பகுதிக்கு நேரே போய்விடலாம்.

இலைக்கு என்ன நடக்கிறது

இரண்டும் ஒரே செடி: கமேலியா சினென்சிஸ். வெள்ளைக்கு ஒரு செடி, கறுப்புக்கு வேறு செடி என்று கிடையாது. சில ரகங்கள் ஒன்றுக்குக் கூடுதலாகப் பொருந்தும், அவ்வளவுதான். வித்தியாசம் பறித்த பிறகுதான் வருகிறது.

வெள்ளைத் தேயிலைக்கு மொட்டையும் இளங்கொழுந்தையும் பறித்து, தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, ஒன்றரை நாளிலிருந்து மூன்று நாள் வரை வாடவிடுவார்கள். பிறகு மெல்லிய சூட்டில் உலர்த்துவார்கள். வேலை முடிந்தது. உருட்டுவதில்லை, கசக்குவதில்லை. கறுப்புத் தேயிலையையும் முதலில் வாடத்தான் விடுவார்கள், ஆனால் பொதுவாக ஒரு நாளுக்குள் அது முடிந்துவிடும். அடுத்து உருட்டிப் பிசைவார்கள், அல்லது இலையை நசுக்கிக் கிழிக்கும் சிடிசி இயந்திரத்தில் விடுவார்கள். இலையின் உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும், துவர்ப்பு தரும் பாலிஃபீனாலும் அப்போதுதான் கலந்து காற்றோடு சேர்கின்றன. இதுதான் ஆக்சிஜனேற்றம். நறுக்கிய கத்தரிக்காய் கறுத்துப்போவதும் இதே வகை நொதியால்தான். தேயிலையில் அது நடக்கும்போது அந்தப் பாலிஃபீனால்களில் ஒரு வகையான கேட்டெகின்கள் தியாஃப்ளேவின், தியாரூபிஜின் என்ற பொருள்களாக மாறுகின்றன. சாற்றுக்குப் பளிச்சென்ற செம்மஞ்சளையும் நாக்கில் சுறுசுறுப்பையும் கொடுப்பது முதலாவது; செம்பழுப்பு நிறத்தையும் வாய் நிறைகிற கனத்தையும் கொடுப்பது இரண்டாவது. வேண்டிய அளவுக்கு மாறியதும் சூடான காற்றில் உலர்த்தி நொதியை நிறுத்திவிடுவார்கள்.

வெள்ளைத் தேயிலை "பதப்படுத்தாதது, இயற்கை அப்படியே" என்று டப்பாவில் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். நாள் கணக்கில் வாடும்போது அதுவும் தானாகவே கொஞ்சம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. கசக்காததால் மெதுவாக, அங்கங்கே நடக்கிறது, அவ்வளவே. செய்முறையைச் சொல்லும்போது சுலபமாகத் தெரிகிற இந்தத் தேயிலைதான் செய்வதற்குக் கஷ்டம். காற்றில் ஈரம் கூடினால் இலை கறுத்துப்போகும். அவசரமாக உலர்த்தினால் பச்சைப்புல் வாசனை தங்கிவிடும். உருட்டிச் சரிசெய்யலாம், கலந்து மறைக்கலாம் என்கிற வழியெல்லாம் அங்கே கிடையாது.

இதிலிருந்து தேர்வுக்கு என்ன கிடைக்கிறது? வாயில் ஒரு பிடிப்பு வேண்டும், காலையில் தட்டி எழுப்புகிற மாதிரி இருக்க வேண்டும், இரண்டு நிமிடத்தில் நிறம் இறங்க வேண்டும் என்றால் உங்களுக்குக் கறுப்பு. துவர்ப்பு பிடிக்காது, வாசனைக்காகவே குடிக்கிறேன், பத்து நிமிடம் உட்கார நேரமிருக்கிறது என்றால் வெள்ளை. கறுப்புத் தேயிலை அவசரத்தைப் பொறுத்துக்கொள்ளும். வெள்ளைத் தேயிலையை வேறு வேலை பார்த்துக்கொண்டே குடித்தால் ஒன்றுமே தெரியாது. அது அதன் குறையும்தான்.

இரண்டுக்கும் நடுவில் நிற்க விரும்புபவர்களுக்கு ஒரு வழி உண்டு. டார்ஜிலிங்கின் முதல் பறிப்பு, அதாவது குளிர் முடிந்து மார்ச், ஏப்ரல் வாக்கில் வரும் கொழுந்து. விற்பனையில் அது கறுப்புத் தேயிலை. ஆனால் இலையைப் பார்த்தால் பாதி பச்சையாக இருக்கும். நிறைய வாட்டுவதால் முழுசாக ஆக்சிஜனேற்றம் ஆவதில்லை. சாறு இளம்பொன் நிறம், பூவாசனை, நுனியில் ஒரு சுரீர். எதையும் முடிவு செய்ய முடியவில்லை என்பவர்களிடம் நான் இதைத்தான் கொடுத்துப் பார்ப்பேன். இது பிடித்தால் வெள்ளைத் தேயிலை பிடிக்க வாய்ப்பு அதிகம். "என்ன இது, டீயே இல்லையே" என்று முகம் சுளித்தால், கறுப்பிலேயே நின்றுவிடலாம்.

கஃபீன், ஆரோக்கியம் என்ற பேச்சு

என் சித்தி பெண் ஒருநாள் போன் பண்ணி, "அக்கா, வெள்ளை டீயில கஃபீனே இல்லையாமே, ராத்திரி குடிக்கலாமா?" என்று கேட்டாள். இருக்கிறது. சில சமயம் கறுப்பை விடக் கூடுதலாகவே இருக்கும். கஃபீன் என்பது பூச்சிகளிடமிருந்து செடி தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் பொருள். மென்மையான மொட்டிலும் கொழுந்திலும்தான் அதற்கு அதிகப் பாதுகாப்பு தேவை, அதனால் அங்கேதான் கஃபீனும் அதிகம். வெள்ளி ஊசி எனப்படும் உயர்ந்த வெள்ளைத் தேயிலை முழுக்க முழுக்க மொட்டு. ஆக்சிஜனேற்றம் கஃபீனைப் பெரிதாகக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. நிறம் வெளிறியிருப்பதால் கஃபீனும் வெளிறியிருக்கும் என்று நினைப்பதில்தான் இந்தக் கதை பிறந்திருக்க வேண்டும்.

கோப்பையில் எவ்வளவு இறங்கும் என்பதை முடிவு செய்வது வேறு நான்கு விஷயங்கள்: எத்தனை கிராம் போட்டீர்கள், இலை எவ்வளவு நொறுங்கியிருக்கிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் ஊறியது. நொறுங்கிய சிடிசி தூளில் கஃபீன் சீக்கிரம் இறங்கிவிடும். முழு மொட்டில், அதுவும் கொதிநிலைக்குக் கீழான தண்ணீரில், மெதுவாக இறங்கும். வெள்ளை டீ இலேசாக இருக்கிறது என்று பலர் உணர்வதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். முதல் தண்ணீரை அரை நிமிடத்தில் கொட்டிவிட்டால் கஃபீன் போய்விடும் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். போவது சிறு பங்கு. அதோடு நல்ல வாசனையும் போகும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை, கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் வரை கஃபீன் பரவாயில்லை என்கிறது. ஒரு பெரிய கோப்பைக் கறுப்புத் தேநீரில் சுமார் 50 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். காபி, கோலா, சாக்லேட் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. உள்ளே போன கஃபீனில் பாதி வெளியேறவே பெரும்பாலோருக்கு 5 மணி நேரம் போல ஆகிறது. கர்ப்ப காலத்தில் இன்னும் அதிகம். ஆகவே தூக்கம் பிரச்சினை என்றால் நிறத்தை மாற்றாதீர்கள், கடைசிக் கோப்பையின் நேரத்தை மாற்றுங்கள்.

ஆன்டிஆக்ஸிடன்ட் விஷயத்தில், வெள்ளைத் தேயிலையில் கேட்டெகின்கள் பொதுவாகக் கூடுதலாக எஞ்சியிருக்கும் என்பது உண்மைதான். கறுப்பில் அவை வேறு பொருள்களாக மாறியிருக்கின்றன, இல்லாமல் போகவில்லை. ஒரு தோட்டத்துக்கும் இன்னொரு தோட்டத்துக்கும், ஒரு ரகத்துக்கும் இன்னொரு ரகத்துக்கும் உள்ள வித்தியாசமே பெரிது. எடை குறையும், முகம் பளபளக்கும் என்று அச்சடித்த டப்பாவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்த அச்சுக்குத்தான் போகிறது.

நிஜமாகக் கவனிக்க வேண்டியவை வேறு. இரண்டு வகைத் தேநீருமே தாவர உணவிலிருந்து இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது. இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கவே கூடாது. வெறும் வயிற்றில் திடமான கறுப்பு டீ சிலருக்குக் குமட்டும்; அவர்கள் காலையில் முதலில் வெள்ளையைக் குடித்துப் பார்க்கலாம். இன்னொன்று சூடு. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கப் பானங்கள் குடிப்பதை, புற்றுநோய்க்கான சர்வதேச ஆய்வு முகமை 2016-ல் உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தி, "அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது" என்ற பட்டியலில் சேர்த்தது. எந்த நிறமாக இருந்தாலும் கொஞ்சம் ஆறவிட்டுக் குடியுங்கள். ருசியும் அப்போதுதான் தெரியும்.

வாங்கும்போது

வெள்ளைத் தேயிலையின் தாய்வீடு சீனாவின் ஃபுஜியான் மாகாணம். அதிலும் ஃபுடிங், ஜெங்ஹே என்ற இரண்டு ஊர்கள். வகைகள் எளிது. மொட்டு மட்டும் என்றால் பாய் ஹாவ் யின்ஜென், அதுதான் வெள்ளி ஊசி. ஒரு மொட்டும் ஒன்றிரண்டு இலையும் என்றால் பாய் முடான். பின்னால் வரும் முற்றிய, பெரிய இலை என்றால் ஷோ மெய். டார்ஜிலிங், நீலகிரி, இலங்கை ஆகிய இடங்களிலும் வெள்ளைத் தேயிலை செய்கிறார்கள். வசந்தத்தின் தொடக்கத்தில் சில வாரங்களுக்குள் கையால் ஒவ்வொரு மொட்டாகக் கிள்ள வேண்டியிருப்பதால்தான் வெள்ளி ஊசிக்கு அந்த விலை.

முதல் தடவை வாங்குபவர்கள் விலை அதிகமானதுதான் நல்ல அறிமுகம் என்று நினைத்து வெள்ளி ஊசியை வாங்கிவிடுகிறார்கள். வேண்டாம். கறுப்பு டீ குடித்துப் பழகிய நாக்குக்கு அது தண்ணீர் மாதிரி இருக்கும்; ஏமாந்துவிட்டோம் என்று மொத்த வகையையே ஒதுக்கிவிடுவார்கள். பாய் முடானில் தொடங்குங்கள். இலை சேர்ந்திருப்பதால் சாற்றில் கொஞ்சம் கனம் இருக்கும். பூ, முலாம்பழம், காய்ந்த புல் என்று வாசனையும் வெளிப்படையாக வரும். ஷோ மெய்யும் தப்பில்லை. விலை குறைவு, நிறம் கூடுதல், கொதிக்கவைத்தாலும் கோபித்துக்கொள்ளாது. இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது எது என்றால், கேட்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள், சில வருடம் பழகிய ஷோ மெய்தான். பேரீச்சம்பழம் மாதிரி ஒரு இனிப்பு அதில் வந்துவிடும்.

காய்ந்த இலையைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். மொட்டின் மேல் வெள்ளிப் பூனைமயிர் தெரிய வேண்டும். இலைகள் கலவை நிறமாக இருக்கலாம்: சாம்பல் பச்சை, ஓரத்தில் பழுப்பு. எல்லாம் ஒரே பச்சையாக இருந்தால் அவசரமாக உலர்த்தியிருக்கிறார்கள். அடியில் தூள் நிறைய இருந்தால் வாங்க வேண்டாம். வெள்ளைத் தேயிலையை டீ பேக்கில் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. முழு இலைக்காகத்தான் அந்த விலை கொடுக்கிறோம், நொறுக்கியதற்கு ஏன் கொடுக்க வேண்டும்? "வொயிட் டீ பீச்", "வொயிட் டீ மல்லிகை" என்றால் உள்ளடக்கப் பட்டியலைப் படியுங்கள். வாசனை எங்கிருந்து வருகிறது என்பது அங்கே எழுதியிருக்கும்.

கறுப்பில் ஓபி, பிஓபி, ஃபானிங்ஸ், டஸ்ட் என்று எழுத்துகளைப் பார்த்து மிரள வேண்டாம். அவை இலையின் அளவைச் சொல்பவை; தரத்துக்கு மதிப்பெண் அல்ல. ஓபி முழு இலை, பிஓபி உடைந்த இலை, அதற்குக் கீழே பொடி. நல்ல தோட்டத்து டஸ்ட், மோசமான தோட்டத்து ஓபியைத் தூக்கி அடித்துவிடும். மேசையில் பல தடவை பார்த்திருக்கிறேன். அடுத்து, சிடிசியா, ஆர்த்தடாக்ஸா (அதாவது உருட்டிச் செய்ததா) என்று பாருங்கள். சிடிசி என்பது 1930-களில் அஸ்ஸாமில் வந்த முறை. வெவ்வேறு வேகத்தில் சுழலும் பல் உருளைகளுக்கு நடுவே இலை நசுங்கிக் கிழிந்து சுருண்டு குருணையாகிறது. பாலுக்கு இதுதான் சரி. பால் இல்லாமல் குடிப்பவர்கள் ஆர்த்தடாக்ஸ் வாங்க வேண்டும்.

ஊரைப் பொறுத்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். அஸ்ஸாம் கனமானது, மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) வாசனை. மே, ஜூனில் வரும் இரண்டாம் பறிப்பு நன்றாக இருக்கும். டார்ஜிலிங் இரண்டாம் பறிப்பில் பழுத்த திராட்சை வாசனை. நீலகிரி பளிச்சென்று தெளிவாக இருக்கும், வாசனை உண்டு, கசப்பு குறைவு. ஐஸ் டீக்குப் போட்டாலும் அவ்வளவாகக் கலங்காது. இலங்கையின் ஊவாப் பகுதித் தேயிலை ஆண்டின் நடுவில், காய்ந்த காற்று அடிக்கும் மாதங்களில், புதினா போன்ற ஒரு குளிர்ச்சியோடு வரும். சீனாவின் யுன்னானிலிருந்து வரும் டியன்ஹோங்கில் தங்க நிற மொட்டுகள் நிறைய இருக்கும், இனிப்பாக இருக்கும். துவர்ப்புக்குப் பயந்து வெள்ளைக்கு ஓடுபவர்கள் ஓடுவதற்கு முன் இதை ஒரு தடவை குடித்துப் பார்க்கலாம்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

நான் சொல்வதைக் கேட்டு முடிவெடுப்பதை விட உங்கள் நாக்கைக் கேட்பது மேல். இரண்டிலும் சின்னப் பொட்டலம் வாங்குங்கள். ருசி பார்ப்பவர்களுக்கு ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு சர்வதேச முறையே இருக்கிறது, 1980-ல் வந்தது: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். அது ரசித்துக் குடிப்பதற்கான முறை அல்ல. குறைகள் தெரிவதற்கான முறை. வீட்டில் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். உள்பக்கம் வெள்ளையாக உள்ள ஒரே மாதிரி இரண்டு கோப்பை, ஒவ்வொன்றிலும் 3 கிராம், 150 மில்லி கொதிநீர், 5 நிமிடம், வடிகட்டிவிட வேண்டும். பல் துலக்கியவுடனோ காரம் சாப்பிட்டவுடனோ வேண்டாம்.

கிராம் கணக்கில் பிடிவாதமாக இருங்கள். வெள்ளைத் தேயிலை பஞ்சு போல இடத்தை அடைக்கும். ஒரு தேக்கரண்டி சிடிசி 2, 3 கிராம் நிற்கும். அதே கரண்டியில் பாய் முடான் ஒரு கிராம்கூடத் தேறாது. "வெள்ளை டீ சப்பென்று இருக்கிறது" என்ற புகாரில் பெரும்பாலானவை இந்தக் கரண்டியால் வந்தவை. சமையலறைத் தராசு இல்லையென்றால் வெள்ளைத் தேயிலையைக் கை நிறைய, தயங்காமல் போடுங்கள்.

முதலில் இரண்டின் ஈர இலையையும் முகர்ந்து பாருங்கள். சாற்றை விட அது அதிகம் சொல்லும். அப்புறம் சூடாக ஒரு வாய், வெதுவெதுப்பாக ஒரு வாய், முழுக்க ஆறியபின் ஒரு வாய். சூட்டில் கறுப்புதான் ஜெயிக்கும். அதன் வாசனை ஆவியோடு எழுந்து வந்துவிடும். வெதுவெதுப்பில்தான் வெள்ளையின் இனிப்பு தெரிய ஆரம்பிக்கும். ஆறியபின் மட்டமான கறுப்பில் கசப்பும் உலோகம் போன்ற ஒரு ருசியும் மேலே வரும், நல்லதில் வராது. நாக்கின் ஓரமும் கன்னத்தின் உள்பக்கமும் இழுத்துப் பிடிக்கிறதா என்று கவனியுங்கள். அந்தப் பிடிப்பு உங்களுக்குச் சுகமா, தொந்தரவா? கறுப்பா வெள்ளையா என்பதில் இதை விடப் பெரிய கேள்வி இல்லை. சத்தமாக உறிஞ்சுங்கள், வெட்கப்பட வேண்டாம். காற்றோடு உள்ளே போனால்தான் வாசனை மூக்குக்குப் பின்வழியாக ஏறும்.

பிறகு இரண்டு கோப்பையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு ஏதாவது வேலையைப் பாருங்கள். யோசிக்காமல் கை எந்தக் கோப்பைக்குப் போகிறதோ, அடுத்த தடவை அதில் பெரிய பொட்டலம் வாங்குங்கள்.

தினசரி போடும் முறை

கறுப்புக்குத் தண்ணீர் நன்றாகக் கொதிக்க வேண்டும். ஒரு கோப்பைக்கு 2, இரண்டரை கிராம். முழு இலைக்கு 3, 4 நிமிடம். சிடிசிக்கு 2 நிமிடமே போதும், பால் ஊற்றுவதென்றால் அடுப்பிலேயே கொதிக்கவிடலாம். நேரமானதும் இலையைப் பிரித்துவிடுங்கள். திடம் போதவில்லை என்றால் நேரத்தைக் கூட்டாதீர்கள், இலையைக் கூட்டுங்கள். நேரத்தைக் கூட்டினால் வருவது கசப்புதான்.

வெள்ளி ஊசிக்கு, அதாவது மொட்டுக்கு, 85 டிகிரி பக்கம் வைத்துக்கொள்ளலாம். வெப்பமானி தேவையில்லை, கொதித்த தண்ணீரை வேறொரு பாத்திரத்துக்கு ஊற்றி, ஆவி வேகமாக எழுவது அடங்கி மெல்லச் சுருளும்வரை விடுங்கள். 3 கிராம், 4 முதல் 5 நிமிடம். பாய் முடானுக்கு இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும். சூடு கூடிப்போனாலும் வெள்ளைத் தேயிலை பச்சைத் தேயிலை போலச் சட்டென்று கசந்துவிடாது. சாறு வெளிர்மஞ்சளாக இருக்கிறதே, இறங்கவில்லையோ என்று மேலும் மேலும் ஊறவிடுபவர்கள் உண்டு. நிறத்தைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். அதே இலையில் இரண்டாவது, மூன்றாவது தண்ணீரும் ஊற்றலாம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நேரம் கூட்டி. பெரும்பாலும் இரண்டாவதுதான் நன்றாக இருக்கும். விலைக் கணக்குப் போடுபவர்கள் இதையும் சேர்த்துப் போடுங்கள். வெயில் காலத்தில் ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 8, 10 கிராம் போட்டு, மூடி, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் வடிகட்டினால் துவர்ப்பே இல்லாத டீ கிடைக்கும்.

தண்ணீர் உப்பாக, கடினமாக இருந்தால் இரண்டுமே மங்கும். கறுப்பின் மேல் எண்ணெய்ப் படலம் போல ஒன்று படர்ந்தால் அது தேயிலையின் குற்றம் இல்லை. தண்ணீரில் உள்ள கால்சியத்தின் வேலை. இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் கலைந்துவிடும், சாற்றின் நிறமும் வெளுக்கும். கறுப்பு இந்தத் தண்ணீரை ஓரளவு சமாளிக்கும், வெள்ளையின் வாசனை முழுசாக அமுங்கிவிடும். வடிகட்டிய தண்ணீர் கிடைக்காத வீட்டுக்கு விலை கூடிய வெள்ளைத் தேயிலை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

வைத்துக்கொள்வதில் ஒரே ஒரு முக்கிய வித்தியாசம். கறுப்பை ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டுக்குள் குடித்துவிட வேண்டும். வெள்ளை, ஈரம் படாமல் இருந்தால் வருடக்கணக்கில் நிற்கும். நிறமும் ருசியும் மெல்ல ஆழமாகும். இரண்டுக்கும் காற்றுப் புகாத, வெளிச்சம் புகாத டப்பா வேண்டும். கண்ணாடி ஜாடி பார்க்க அழகு, தேயிலைக்கு ஆகாது. குளிர்பெட்டியும் வேண்டாம், வெளியே எடுக்கும்போதெல்லாம் ஈரம் கோத்துக்கொள்ளும். மசாலா டப்பாக்கள் இருக்கும் தட்டில் மட்டும் வைக்காதீர்கள். தேயிலை பக்கத்தில் உள்ள வாசனையை இழுத்துக்கொள்ளும். பெருங்காயம் ஏறிய வெள்ளி ஊசியை எந்தத் தண்ணீராலும் மீட்க முடியாது.